சட்டாம்பிள்ளையும் சென்னை முறையும்

கல்வி வரலாற்றில் புதுமை புரிந்தோர் என்று போற்றப்படுபவர்களின் பெயர்கள் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் நிலைபெறுகின்றன. அப்புதுமைக்கு வித்திட்ட எளிய ஆசிரியர்களின் பெயர்கள் அவ்வாறு நிலைபெறுவதில்லை. இவ்வுண்மைக்குத் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஆண்ட்ரூ பெல் என்னும் சமயகுருவின் கல்லறை இருக்கிறது. 1832ஆம் ஆண்டு மறைந்த அவரைச் 'சென்னைக் கல்விமுறை'யை நிறுவியவர் என்று அங்குள்ள கல்வெட்டுச் சிறப்பிக்கிறது. ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவருடைய கொடையால் 1833இல் எழுந்த பள்ளி 'மெட்ராஸ் கல்லூரி' என்னும் பெயரோடு இன்றும் நடைபெற்று வருகிறது. சென்னையின் பெயரைத் தாங்கிய கல்விமுறை ஒன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரை நூற்றாண்டுக் காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது என்பதைத் தமிழ்நாட்டில் அறிந்தோர் சிலரே. அம்முறை எங்கிருந்து புறப்பட்டது, சென்ற இடத்தில் என்ன ஆயிற்று, புறப்பட்ட இடத்தில் என்ன எஞ்சியது என்னும் மூன்று வினாக்களும், பள்ளிக் கல்வியில் தலைமை என்பது யாது என்னும் பெரிய வினாவுக்கு இட்டுச் செல்வன.

திண்ணைப் பள்ளியின் அமைப்பு

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஊர்தோறும் இருந்த பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணையே. சத்திரம், கோயில் மண்டபம், மரத்தடி ஆகியவையும் பள்ளியாக அமைந்ததுண்டு. அங்கே ஆசிரியர் ஒருவரே. அவரைக் கணக்காயர் என்றும், அண்ணாவி என்றும், வாத்தியார் என்றும் வட்டாரத்திற்கேற்ப வழங்கினர். அவருக்குரிய ஊதியம் அரசிடமிருந்து வரவில்லை. பிள்ளைகளின் பெற்றோர் நெல்லாகவும் காசாகவும் தம்மால் இயன்றதை அளித்தனர். விழா நாட்களில் சிறிது கூடுதலாகக் கிடைத்தது.

ஐந்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயது மாணவனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பர். ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான்; இன்னொருவன் எண்சுவடியில் கீழ்வாய் இலக்கம் ஒப்பித்துக்கொண்டிருப்பான்; மற்றொருவன் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைக் கடந்து நிகண்டைத் தொட்டிருப்பான். வகுப்பு என்ற பிரிவில்லை. ஆண்டுத் தேர்வும் இல்லை. ஒவ்வொருவனும் தன் பாடம் முடிந்த பின்னரே அடுத்த பாடத்திற்குச் செல்வான். இத்தனை நிலையில் உள்ள பிள்ளைகளை ஓராசிரியர் எவ்வாறு நடத்தினார் என்பதே வியப்புக்குரிய செய்தி. அதற்கு விடையாக அமைந்தவர்கள் இருவர்: ஒருவர் மணல், மற்றொருவர் சட்டாம்பிள்ளை.

மணலை ஒருவர் என்று சொல்வது மிகையன்று. முதலில் எழுதக் கற்கும் பிள்ளைக்கு மணலே ஏடு, விரலே எழுத்தாணி. தரையில் பரப்பிய மணலில் எழுத்தை எழுதிக்கொண்டே அதன் ஒலியை உரக்கச் சொல்லவேண்டும். கை, கண், வாய், செவி நான்கும் ஒருங்கே பயிலும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். பிழைக்குச் செலவில்லை, ஆதலால் பிழைக்கு அச்சமும் குறைவு. மணலில் கை தேறிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அப்போது ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் மாதிரி ஓலைக்கு மேல்வரிச் சட்டம் என்று பெயர். அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கையெழுத்துத் திருந்தும்.

சட்டாம்பிள்ளை என்பவன் மாணவர்களுள் மூத்தவன் அல்லது தேர்ந்தவன். இளையோர்க்கு முறை சொல்லிக் கொடுப்பது, பாடம் கேட்பது, வருகையைக் கவனிப்பது, ஆசிரியர் இல்லாத வேளையில் பள்ளியை நடத்துவது ஆகியவை அவன் பொறுப்புகள். ஒருவன் ஓர் அடியைச் சொல்ல மற்றையோர் திருப்பிச் சொல்லும் வழக்கத்தில், சொல்பவனும் தான் கற்றதை உறுதி செய்துகொள்கிறான். கற்பித்தலே கற்றலின் கடைசிப் படி என்னும் கருத்து அத்திண்ணையில் எவராலும் நூலாக எழுதப்படவில்லை. ஆனால் நாள்தோறும் கையாளப்பட்டது.

உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதமான 'என் சரித்திர'த்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தாம் பயின்ற திண்ணைப் பள்ளியின் நடைமுறைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மாலையில் வீடு திரும்பும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லப்படும். மறுநாள் அதை நினைவிலிருந்து கூறவேண்டும். நினைவாற்றலை விளையாட்டுப்போல் வளர்த்த இவ்வழக்கத்தை அறிந்த அவரது எழுத்தே அன்றைய தண்டனைகளையும் மறைக்கவில்லை. பிரம்படியும், கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டமும் அதே திண்ணையில் இருந்தவையே. எனவே திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாறாகாது.

எழும்பூரில் நிகழ்ந்த சோதனை

1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல், வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் தங்கி மீண்டபின், 1787இல் சென்னைக்கு வந்தார். படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே காலத்தில் சமயகுருவாகப் பதவி வகித்துப் பெரும்பொருள் ஈட்டினார். 1789இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பையும் ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்து, ஆதரவற்றுப்போன சிறுவர்களே அங்குப் பெரும்பாலும் இருந்தனர். அவர்களுக்குக் கற்பித்த உதவியாசிரியர்கள் ஆர்வமற்றவர்கள். எழுத்துக்களைக் கற்பிப்பதற்கே மாதக்கணக்கில் காலம் சென்றது.

ஒரு நாள் காலையில் குதிரைமேல் சென்றுகொண்டிருந்த பெல், வழியில் ஓர் ஊர்ப்பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். அதை 'மலபார்ப் பள்ளி' என்று அவர் குறித்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் அச்சொல்லாலேயே வழங்கிவந்தனர். திரும்பி வந்த பெல், தம் இல்லத்திலும் மணலைப் பரப்பி எழுத்துக் கற்பிக்குமாறு உதவியாசிரியரைப் பணித்தார். அஃது இயலாது என்று அவர்கள் மறுத்தனர். அப்போது பெல் எடுத்த முடிவே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். ஒரு சாதாரணப் படைவீரனின் மகனாகிய அச்சிறுவன், பெரியவர்கள் முடியாது என்றதை முடித்துக் காட்டினான்.

இதன்பின் இல்லம் முழுவதும் சிறுவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்தவன் ஒருவனும் தேறாதவன் ஒருவனும் இணையாக அமர்ந்தனர். வகுப்புக்கு ஓர் ஆசிரியச் சிறுவனும் அவனுக்குத் துணைவர்களும் அமைந்தனர். அன்றாட முன்னேற்றம் பதிவேட்டில் குறிக்கப்பட்டது. குற்றங்கள் கரும்புத்தகம் என்னும் ஏட்டில் எழுதப்பட்டு, வாரம் ஒருமுறை மாணவர் குழுவே கூடி அவற்றை விசாரித்தது. அடியைக் குறைக்க இவ்வேற்பாடு உதவும் என்பது பெல்லின் நம்பிக்கை. 1796இல் உடல்நலம் கருதி நாடு திரும்பிய அவர், மறு ஆண்டு இலண்டனில் தம் சோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார்.

கடல் கடந்த முறை

அந்நூல் முதலில் பெரிதாக வரவேற்கப்படவில்லை. 1798இல் இலண்டன் ஆல்ட்கேட் பகுதியிலுள்ள செயின்ட் பாட்டோல்ப் அறப்பள்ளி ஒன்று அம்முறையை மேற்கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர், இலண்டனின் தென்பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். பெல்லின் நூலிலிருந்து தாம் பெற்றதைத் தொடக்கத்தில் அவரும் ஒப்புக்கொண்டார். ஆயினும், பெல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தவர். லங்காஸ்டர் குவேக்கர் பிரிவினர். சமயப் பிரிவினை கல்விப் பூசலாக மாறியது. யார் முதலில் கண்டுபிடித்தவர் என்று இரு தரப்பாரும் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சண்டையிட்டனர். பெல்லின் ஆதரவாளர் 1811இல் 'தேசியச் சங்கம்' என்னும் அமைப்பை நிறுவினர். லங்காஸ்டரைச் சார்ந்தோர் தனிச் சங்கம் கண்டனர். 1833இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் முதன்முதலாகப் பள்ளிக் கட்டடங்களுக்கென்று 20,000 பவுன் ஒதுக்கியபோது, அத்தொகை இவ்விரு சங்கங்களின் வழியாகவே வழங்கப்பட்டது. இங்கிலாந்தின் பொதுக்கல்விக்கு அடித்தளமிட்டவற்றுள் எழும்பூர்ச் சோதனையும் ஒன்று என்பது இதனால் விளங்கும்.

கவிஞர்களும் இப்பூசலில் ஈடுபட்டனர் என்பது இலக்கிய அன்பர்கள் கருதத்தக்கது. கோலரிட்ஜ் 1808இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் பெல்லைப் போற்றி, லங்காஸ்டர் கையாண்ட இழிவு தரும் தண்டனைகளைக் கடுமையாகச் சாடினார். பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுவதும், கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் அத்தண்டனைகளுள் அடங்கும். கோதண்டத்தின் உறவுமுறை இலண்டனிலும் இருந்தது போலும். ராபர்ட் சௌதி 1812இல் பெல்லுக்குச் சார்பாக நூல் எழுதியதோடு, பின்னர் அவரது வாழ்க்கை வரலாற்றையும் எழுதத் தொடங்கினார். அவர் முடிக்காது விட்டதை அவர் மகன் நிறைவு செய்து 1844இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். வேர்ட்ஸ்வொர்த் தாம் வாழ்ந்த கிராஸ்மியர் ஊர்ப்பள்ளியில் இம்முறைப்படி கற்பிப்பதில் தாமே பங்கு கொண்டார். பிற்காலத்தில் அவருடைய பற்றுக் குறைந்தது.

அப்பற்றுக் குறைந்தமைக்கு அடிப்படை முறையிலேயே இருந்தது. ஓராசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம் என்று லங்காஸ்டர் பறைசாற்றினார். தொழிற்சாலைகள் பெருகிய நாட்டில் இவ்வாக்கு இனித்தது; குறைந்த செலவில் நிறைந்த பிள்ளைகளை அடக்கி வைக்கும் வழியாக அது கொள்ளப்பட்டது. நீண்ட மண்டபங்களில் வரிசை வரிசையாகப் பலகைகள் இடப்பட்டன. முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு மேசைமேல் மணற்பரப்பும் இருந்தது. ஆனால் அங்கே மணியோசைக்கும் கட்டளைக்கும் ஏற்ப நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன, தாழ்ந்தன. திண்ணையில் ஒவ்வொருவனும் தன் பாடத்தில் தன் வேகத்தில் சென்றான்; மண்டபத்தில் எல்லோரும் ஒரே வேகத்தில் செலுத்தப்பட்டனர். சட்டாம்பிள்ளைக்குப் பின்னால் அவனை அறிந்த ஆசிரியரும், ஆசிரியரை அறிந்த ஊரும் இருந்தனர். இலண்டனின் மாணவத் தலைவனுக்குப் பின்னால் அத்தகைய துணையில்லை. தான் அரைகுறையாக அறிந்ததை மற்றவர்க்கு ஒப்பிக்கச் செய்யும் கங்காணியாக அவன் ஆயினான். 1846இல் அங்கு, பயிற்சியும் உதவித்தொகையும் பெறும் மாணவ ஆசிரியர் முறை அரசின் ஆதரவோடு வந்தது. அதன்பின் பழைய முறை மெல்ல மறைந்தது.

யாருடைய கண்டுபிடிப்பு?

மணலைத் தமிழர் பள்ளியிலிருந்து பெற்றதைப் பெல் மறைக்கவில்லை. மாணவனை ஆசிரியனாக்கிய எண்ணத்தையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே அவர் கருதினார். உதவியாசிரியர் மறுத்ததால் தற்செயலாகத் தோன்றியது என்றே எழுதினார். அவர் கூற்றைப் பொய்யென்று தள்ளவும் சான்றில்லை. முழுதும் ஏற்கவும் தடையுண்டு. மணலைப் பார்த்த கண்கள் அதே திண்ணையிலிருந்த சட்டாம்பிள்ளையைப் பார்க்கத் தவறியிருக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இவ்வையத்தைத் தமிழர் மட்டும் எழுப்பவில்லை. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ, 1822இல் மாவட்டந்தோறும் உள்ள நாட்டுப் பள்ளிகளைப் பற்றி ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய விடையில், நாட்டுப் பள்ளிகளில் சிக்கனமாக எழுதக் கற்பிக்கும் முறையையும், தேர்ந்த மாணவர் தேறாதவர்க்குக் கற்பிக்கும் முறையையும் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகுதியுடையதே என்ற கருத்தைத் தெரிவித்தார். ஆங்கில அதிகாரி ஒருவரே அக்காலத்திலேயே அளித்த சான்று இது. மக்கள் வறுமையுற்றதால் பள்ளிகள் நலிந்து வருவதையும் அதே விடையில் அவர் குறித்திருந்தார். இத்தகைய ஆவணங்களைத் திரட்டித் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல், இவ்விவாதத்திற்குப் புத்துயிர் அளித்தது.

வந்த விடைகளைத் தொகுத்து மன்றோ 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் பயின்றனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. இவ்வெண்கள் இருபுறமும் வெட்டும் வாள் போன்றவை. நாட்டுப் பள்ளிகளே இல்லை என்றோ, எல்லாம் மேல்சாதியார்க்கே உரியவை என்றோ கூறுவாரை இவை மறுக்கின்றன. தமிழ் மாவட்டங்களில் பயின்றோருள் சூத்திரர் என்று ஆவணங்கள் குறித்த பிரிவினரே பெரும்பான்மையினர். அதே வேளையில், பெண்களுக்குத் திண்ணை ஏறத்தாழ மூடியே இருந்தது என்பதையும் இவை காட்டுகின்றன. தீண்டாமைக்கு ஆளானோர் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமில்லை என்பதும் மறுக்கவியலாதது. மணல் எல்லாத் தெருவிலும் இருந்தது. எழுத்து எல்லாத் தெருவுக்கும் செல்லவில்லை. பெல்லிடம் கடன்பட்ட உணர்வு குறைவு என்று சுட்டுபவர்கள் இக்கடனையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

தாயகத்தில் நேர்ந்தது

விந்தையான நிகழ்ச்சி ஒன்று இதற்கிடையில் நடந்தது. இங்கிருந்து சென்ற முறை, மேல்நாட்டுப் புதுமை என்னும் பெயரோடு இந்தியாவுக்கே திரும்பியது. 1814இல் வங்காளத்தின் சின்சுராவில் இராபர்ட் மே என்னும் சமயத்தொண்டர் தொடங்கிய பள்ளிகளில் அது கையாளப்பட்டது. திண்ணை வாத்தியாரின் பழக்கம் என்றால் பின்தங்கியது. பெல், லங்காஸ்டர் பெயர்களோடு வந்தால் முன்னேற்றம் என்று கருதும் மனநிலை உருவாகத் தொடங்கிய காலம் அது.

1854இல் வெளிவந்த உட் அறிக்கைக்குப் பின், அரசின் உதவித்தொகை பெற விரும்பிய பள்ளிகள் வகுப்பு, பாடத்திட்டம், அச்சிட்ட பாடநூல், ஆய்வாளர், தேர்வு என்னும் சட்டகத்துக்குள் வரவேண்டியதாயிற்று. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. முன்னர்த் திண்ணையில் ஏறவியலாதார்க்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது, சமயச் சங்கங்களும் அரசும் நடத்திய பள்ளிகளாலேயே. எனினும் இழப்பும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலையில் தொடங்கித் தன் வேகத்தில் செல்லலாம் என்ற நெகிழ்ச்சி மறைந்தது. சட்டாம்பிள்ளை என்ற சொல், கற்பிக்கும் தோழன் என்ற பொருளை இழந்து, பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி ஆசிரியரிடம் காட்டிக்கொடுப்பவனைக் குறிப்பதாகத் தேய்ந்தது. ஆசிரியரும், தாமே அமைத்துக்கொண்ட பள்ளியை நடத்துபவர் என்ற நிலையிலிருந்து, மேலிருந்து வரும் ஆணையை நிறைவேற்றுபவர் என்ற நிலைக்கு வந்தார்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அந்நெகிழ்ச்சி வேறு உருவில் சென்னைக்குத் திரும்பியது. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலிப் பள்ளியினர் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டைமுறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007 முதல் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். கைக்கெட்டும் உயரத்தில் தாழ்ந்த கரும்பலகை அமைந்தது. அவரவர் நிலைக்கேற்ற அட்டையை எடுத்துப் பயின்றனர். பல நிலையினர் ஒரே அறையில் ஒருவருக்கொருவர் உதவினர். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் வந்து அமர்ந்தார். இதைத் திண்ணைப் பள்ளியின் மறுபிறவி என்று கூறிவிடலாகாது. இதன் தோற்றுவாய் வேறு. ஆனால் ஓராசிரியர், பல நிலைப் பிள்ளைகள் என்ற பழைய சிக்கலுக்கு, பிள்ளையை நம்புதல் என்ற பழைய விடையே புதிய கருவிகளோடு மீண்டும் கிடைத்தது. அத்திட்டத்தின் இடத்தில் பின்னர் வேறு முயற்சிகள் வந்தன. தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' அறிமுகமாயிற்று. திட்டங்கள் மாறுவது இயல்பு. ஒவ்வொன்றும் பெயரளவில் மாறுகிறதா, பிள்ளையிடம் வைக்கும் நம்பிக்கையில் வளர்கிறதா என்பதே ஆராயத்தக்கது.

தலைமையின் பொருள்

பெல்லின் வாழ்க்கையில் உயர்ந்த கணம், அவர் நூல் எழுதியதோ, சங்கம் கண்டதோ, 1,20,000 பவுனைக் கல்விக்கென்று எழுதி வைத்ததோ அன்று. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம், 'இவ்வகுப்பு உன்னுடையது' என்னும் பொறுப்பை அளித்த கணமே அது. அதற்கு முன் அவர் செய்ததும் சிறந்ததே: குதிரைமேலிருந்து ஒரு திண்ணையைக் கூர்ந்து பார்த்தார், தம்மிலும் எளியவரிடம் கற்பதற்குரியது உண்டு என்று உணர்ந்தார். பள்ளித் தலைமைக்கு வேண்டிய இரு பண்புகள், கூர்ந்து காண்பதும் நம்பி ஒப்படைப்பதுமே என்பதை அவ்விரு செயல்களும் புலப்படுத்தும். அவர் தவறிய இடம் மூன்றாவது பண்பில்: கண்டதைக் கொடுத்தவரின் பெயரைக் கேட்டறிந்து சொல்லுதல்.

அந்தக் காலையில் மணல் பரப்பி எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் யார், ஊர் எது, அங்கே சட்டாம்பிள்ளையாயிருந்தவன் எவன் என்பதை எந்நூலும் கூறவில்லை. ஜான் பிரிஸ்கனின் பெயராவது எஞ்சியது. அவனுக்கு முன்னோடியாக இருந்த தமிழ்ச் சிறுவனின் பெயர் மணலில் எழுதியதுபோல் போயிற்று. இன்றும் ஓராசிரியர் பள்ளிகளிலும், மலைக்கிராமத்து வகுப்பறைகளிலும், தமக்கென்று ஒரு வழியைக் கண்டு பிள்ளைகளைத் தேற்றி வரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வழிகளுக்குப் பெயர் சூட்டப்படவில்லை. அவர்கள் பெயரும் எழுதப்படவில்லை. அவர்கள் வாழும் காலத்திலேயே அவர்களைத் தேடிக் கண்டு எழுதி வைப்பது, ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த மரபுக்குரிய தமிழ் எழுத்தாளர்க்கு ஏற்ற பணியாகும்.